கத்தாத நோயாளிக்காக யார் மனு கொடுப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வாசகர் ஒருவர், "டாக்டர்களுக்கு எதற்கு அரசியல்? வைத்தியம் பார்ப்பதை விட்டுவிட்டு மனுவைத் தூக்கிக்கொண்டு அமைச்சர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்" என்று கோபமாக எழுதியிருந்தார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவசர மருத்துவம் என்ற ஒரு துறையைப் பொறுத்தவரை டாக்டர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வாசலில் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் கேஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், கழிந்தது. என் மகள் இப்போது அவசர மருத்துவத்தில் எம்.டி. படிக்கிறாள். ஆகவே எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1990களின் நடுவில் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை. பெயர் வேண்டாம். ஆடி மாதம், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிவிட்டுத் திரும்பிய வேன் ஒன்று கவிழ்ந்துவிட்டது. ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பதினாறு பேரை லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். 108 வராத காலம். அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் தோல் நோய் மருத்துவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேஷுவாலிட்டி என்பது அப்போது எல்லாத் துறைக்காரர்களும் முறை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிற இடம், சத்திரம் மாதிரி.

முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிய ஒரு பையன் கட்டடமே அதிரக் கத்திக்கொண்டிருந்தான். டாக்டர், நான், வார்டு பாய் எல்லோரும் அவனிடம்தான் ஓடினோம். ஓரத்துப் பெஞ்சில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி" என்று இரண்டு முறை கேட்டார். "இருங்கண்ணே, வர்றேன்" என்றேன். முக்கால் மணி நேரம் கழித்துப் போய்த் தொட்டபோது கை சில்லிட்டிருந்தது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தமெல்லாம் போயிருக்கிறது என்று பிரேதப் பரிசோதனையில் எழுதினார்கள். கால் உடைந்த பையன் பிழைத்துக்கொண்டான்.

சில வருஷங்களுக்கு முன் இதை மகளிடம் சொன்னேன். அவள் சாதாரணமாக, "கத்துறவனுக்கு மூச்சு இருக்கும்மா, கத்தாதவனைத்தான் முதல்ல பார்க்கணும். எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள். எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஆள் இல்லை.

அவசர மருத்துவம் என்றால் ஏதோ வேகமாக ஊசி போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற துறை டாக்டர்கள் பெரும்பாலும் நோயின் பெயர் தெரிந்த பிறகு வேலையைத் தொடங்குகிறவர்கள். இவர்கள் பெயர் தெரிவதற்கு முன்பே தொடங்க வேண்டும். மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று அந்த வரிசையில் பார்த்து, ஆளை நிலைப்படுத்தி, அப்புறம்தான் சர்ஜரிக்கா மெடிசினுக்கா என்ற பேச்சு. தலையில் அடி, வயிற்றில் அடி, தொடை எலும்பு முறிவு மூன்றும் சேர்ந்து வந்த நோயாளியை "இது எங்கள் கேஸ் இல்லை" என்று மூன்று துறைகள் ஒன்றின் மேல் ஒன்று தள்ளிவிட்டதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏ.ஆர். நோட்டில் (விபத்துப் பதிவேட்டில்) என்ட்ரி போட்டு, போலீசுக்குத் தகவல் அனுப்பி, "மேல் சிகிச்சைக்கு" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்றிருந்த காலம் அது.

இந்தத் துறை தானாக முளைக்கவில்லை. அமெரிக்காவில் 1968-இல் அவசரப் பிரிவு டாக்டர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். 1970-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் முதல் முதுநிலைப் பயிற்சி தொடங்கியது. தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் கேட்டபோது 1977-இல் மறுத்துவிட்டார்கள். விடாமல் கேட்டு 1979-இல் வாங்கினார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவக் கவுன்சில் இதைத் தனித் துறையாக ஏற்றது 2009-இல், அதாவது முப்பது ஆண்டு கழித்து.

அப்படி வந்ததும் நிலையாக நிற்கவில்லை. அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2020-இல் வெளியிட்ட விதிகளில், எம்.பி.பி.எஸ். நடத்தும் கல்லூரிகளுக்கு அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்று இருந்தது. சந்தோஷப்பட்டோம். 2023-இல் வந்த புதிய விதிமுறையில், கட்டாயத் துறைகளின் பட்டியலில் அதைக் காணோம். கேஷுவாலிட்டி இருக்க வேண்டும், படுக்கை இருக்க வேண்டும், ஆனால் அதற்கென்று தனித் துறை இருந்தாக வேண்டியதில்லை. (அந்த 2020 விதிகளும் லேசுப்பட்டவை இல்லை. கொரோனா உச்சத்தில் இருந்த அதே வருஷம், கட்டாயப் பட்டியலில் இருந்து நுரையீரல் மருத்துவத்தை எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் மூச்சுக்குத் தவித்த வருஷம் அது! நெஞ்சக மருத்துவர்களின் சங்கங்கள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தன.)

பட்டியலில் ஒரு பெயர் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். கட்டாயம் இல்லையென்றால் துறை தொடங்கக் கல்லூரிக்கு அவசியமில்லை. துறை இல்லையென்றால் பேராசிரியர் பணியிடம் இல்லை. தகுதியான ஆசிரியர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முதுநிலை இடங்கள் கொடுக்கிறார்கள், ஆகவே எம்.டி. இடமும் கிடைக்காது. இடம் இருந்து படித்தவர்களுக்கும் அரசில் பணியிடம் இல்லையென்றால் தனியார் மருத்துவமனைக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுவார்கள். பத்து வருஷத்தில் மாவட்ட மருத்துவமனை வாசலில் மறுபடியும் தோல் நோய் டாக்டர்தான் முறை வைத்து நிற்பார்.

தமிழ்நாடு இதில் சும்மா இருந்த மாநிலம் இல்லை. 2008-இல் 108 வந்தது. பிறகு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்து, வாசலிலேயே நோயாளிகளை ஆபத்தின் அளவைப் பார்த்துச் சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்கள்), மஞ்சள், பச்சை என்று பிரிக்கத் தொடங்கினார்கள். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் செலவை ஏற்க ஆள் கிடைத்தால் போதாது, ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போது அந்தச் சிவப்புப் பகுதியில் அதற்கென்றே படித்த டாக்டரும் நிற்க வேண்டும். 2022-இல் மட்டும் நம் மாநிலத்தில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம்.

சரி, இதற்காக டாக்டர்கள் ஏன் அரசியல்வாதிகளிடம் போக வேண்டும், நோயாளிகளே போகலாமே என்று அந்த வாசகர் கேட்கக்கூடும். சர்க்கரை நோயாளி மாதாமாதம் வருகிறார், நாலு பேரோடு பழகுகிறார், மாத்திரை இல்லையென்றால் சத்தம் போடுகிறார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்க முடியும். விபத்தில் அடிபடப் போகிறவர்கள் எங்கே சங்கம் வைப்பது? நாளை மாலை ஆறு மணிக்கு அடிபடப் போகிறவருக்கு இன்றைக்கு அது தெரியாது. அடிபட்ட பிறகு அவருக்கு நினைவு இருக்காது. பிழைத்தவர் கடனை அடைக்க ஓடுவார், செத்தவர் வீட்டில் காப்பீட்டுப் பணத்துக்கு அலைவார்கள். இவர்களுக்காகப் பேச மிச்சமிருப்பவர்கள் அந்த வாசலில் நின்று பார்த்தவர்கள்தான். அவர்களும் பேசக்கூடாது என்றால் எப்படி?

டாக்டர்கள் தங்கள் பதவிக்காகத்தான் பேசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு கொடுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களின் சங்கம் போட்ட வழக்கில்தான். அவர்களுக்கும் அதில் லாபம் உண்டு. அப்படிப் படித்தவர்கள் திரும்பி வந்து நம் ஊர் ஜி.ஹெச்சில் வேலை பார்ப்பதால் நமக்கும் லாபம்.

எனக்குப் பிடிக்காத ஒரு வழியும் உண்டு. அமெரிக்காவில் மருத்துவச் சங்கங்கள் அரசியல் நிதி திரட்டி வேட்பாளர்களுக்குத் தேர்தல் செலவுக்குக் கொடுக்கின்றன, அங்கே அது சட்டப்படி சரி. நமக்கு அது வேண்டவே வேண்டாம். பணம் கொடுத்து வாங்கிய ஆதரவு, அதைவிடப் பெரிய பணம் வந்தால் அந்தப் பக்கம் போய்விடும். வேலை நிறுத்தமும் இந்தத் துறைக்குப் பொருந்தாது. கேஷுவாலிட்டியை மூடிவிட்டுக் கேஷுவாலிட்டிக்காகப் போராட முடியுமா?

கையில் இருப்பதை வைத்தே செய்ய நிறைய உண்டு. மருத்துவக் கல்வி 1976-க்குப் பிறகு பொதுப்பட்டியலில் இருக்கிறது, ஆகவே டெல்லியிலும் கேட்கலாம், கோட்டையிலும் கேட்கலாம். விதியைத் திருத்தச் சொல்லி நாடாளுமன்றத்தில் நம் எம்.பி.க்கள் கேள்வி எழுப்பலாம். ஆணையம் கட்டாயம் என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும், எல்லா அரசு மருத்துவக் கல்லூரியிலும் அவசர மருத்துவத் துறையும் பணியிடங்களும் இருக்கும் என்று மாநில அரசு ஓர் அரசாணை போட்டுவிடலாம். அதை யாரும் தடுக்கப்போவதில்லை. சட்டசபையில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வரும்போது எம்.எல்.ஏ. ஒருவர் எழுந்து கேட்டால் போதும், பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸுகள் ஏழு பேர் சேர்ந்து போகிறோம். எங்கள் மாவட்ட மருத்துவமனையில் ராத்திரி டியூட்டிக்கு அவசர மருத்துவம் படித்த டாக்டர்கள் எத்தனை பேர், அவர்களுக்கென்று அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை என்ற இரண்டு கேள்விகள்தான் மனுவில் இருக்கின்றன. நகல் ஒன்று எம்.எல்.ஏ.வுக்கும் ஒன்று எம்.பி.க்கும் போகிறது. பதில் வந்தால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்