வெப்பத் தடுப்பு தளத்துக்கு மேலே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் சேலத்தில் வீட்டைக் குளுகுளுவென்று ஆக்கித் தருவதாக விளம்பரத் தட்டிகள் வந்துவிடுகின்றன. பல இடங்களில் செய்து தருவது, மொட்டை மாடித் தளத்தின் அடியில் அரை அங்குல தெர்மோகோலை ஒட்டி பால்ஸ் சீலிங்கால் மூடுவதுதான். அறைக்குள் சூடு ஓரளவு குறையும். ஆனால் வெப்பம் கீழே இறங்க வழியில்லாமல் தளம் முன்பைவிடக் கூடுதலாகக் காயும். விரிந்து சுருங்கி, கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் மயிரிழை வெடிப்பு விடும். ஐப்பசி மழை அதில் இறங்கினால் சீலிங் மறைத்துவிடுகிறது; கறை கண்ணில் படுவதற்குள் கம்பி துருப்பிடித்திருக்கும். தீப்பிடித்தால் தெர்மோகோல் கரும்புகையோடு உருகிச் சொட்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

தடுப்பை மேலே போடுங்கள். செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து 3 அங்குலம் அடித்து, மேலே தட்டையான சுட்ட ஓடு பதிக்கும் பழைய முறை வாட்டத்துக்கும் (தண்ணீர் வடியும் சரிவு) நீர்க்காப்புக்கும் நல்லது. வெப்பத்தைச் சுமாராகத்தான் தடுக்கும். 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகையோ (அழுத்தி வார்த்த கெட்டி நுரைப் பலகை) இரண்டு மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட்டைவிட அதிகமாகத் தடுக்கும்.

வரிசை முக்கியம். முதலில் 10 அடிக்கு ஒன்றேகால் அங்குல வாட்டம். பிறகு வாட்டர் புரூஃப் பூச்சு. மழைநீர்க் குழாய் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் மட்டும் பலகை. இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே கோழி வலை வைத்து 2 அங்குலக் கான்கிரீட் போட வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் பலகை பொடியும், மழையில் மிதக்கும். கொதிக்கும் தாரும் தின்னர் கலந்த பசையும் பட்டால் பலகை வெல்லம்போலக் கரைந்து குழி விழும். இது பலருக்குத் தெரியாது. அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இந்தக் கான்கிரீட்டும் செங்கல் ஜல்லியும் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் ஏற்றும். பழைய தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் தொடாதீர்கள். தாங்காதென்றால் மாசியில் இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, தூசி படியும்போது கழுவிவிட்டாலே இரவுப் புழுக்கம் தணியும்.

ஏற்காட்டில் கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஈரம்தான் பகை. இரவில் தகர ஷீட் குளிர்ந்து, சமையல் ஆவியும் மூச்சுக்காற்றும் அதன் அடியில் நீராகி விடியற்காலையில் சொட்டும். அங்கே கண்ணாடிப் பஞ்சைத் திணித்தால் அது நனைந்து தொங்கிக் கரும்பூஞ்சை பிடிக்கும். நீர் உறிஞ்சாத மூடிய நுரைப் பாயை ஷீட்டோடு இடைவெளியின்றி ஒட்டி, இணைப்புகளை டேப்பால் மூடி, சமையலறை ஆவி வெளியேற முகட்டில் வழி விடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.