புதிய தரையைப் பற்றிப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த இரண்டு வாரங்களுக்குள் எங்கள் மண்டபத்திலும் அதையொட்டிய நடைபாதையிலும் மூன்று பிள்ளைகள் சறுக்கி விழுந்துவிட்டார்கள். இருவருக்கு முழங்காலில் உரசல் காயம். தரம் 4 பிள்ளை ஒருவருக்கு மணிக்கட்டில் எலும்பு வெடித்து, கையில் பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். நடந்ததை மற்றப் பெற்றோருக்கும் நானே சொல்ல வேண்டும்.

மூவரும் விழுந்தது மழை நாளில். மூவரில் ஒருவர்கூட ஓடவில்லை. "ஓடித் திரிந்தால் விழத்தானே செய்வார்கள்" என்று சிலர் கதைத்தது என் காதுக்கும் வந்தது. பிழை பிள்ளைகளுடையது அல்ல, தரையுடையது. அந்தத் தரையைத் தெரிவு செய்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது.

பழைய சீமெந்துத் தரை வெடித்து, கூட்டக் கூட்டத் தூசி கிளம்பி, இழுப்பு உள்ள பிள்ளைகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நீங்களும் பழைய மாணவர்களும் சேர்த்துத் தந்த பணத்தில், ஆகஸ்ட் விடுமுறையில் எபொக்சி பூசினோம். பிசினையும் இறுக்கியையும் கலந்து பூசுகிற பூச்சு அது. இறுகியதும் பொருத்து எதுவும் இல்லாமல் ஒரே தகடாக வரும். தூசி வராது, கறை ஊறாது. திறந்த அன்று ஜன்னல்களெல்லாம் தரையில் நிழலாகத் தெரிந்ததைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் அப்படித்தான்.

அந்த மினுக்கம்தான் இப்போது எங்களைச் சறுக்க வைக்கிறது. காய்ந்திருக்கும்போது றப்பர் அடி அதில் நன்றாகவே பிடிக்கும். தண்ணீர் விழுந்தால் கதை வேறு. சப்பாத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அகப்பட்டுக்கொள்கிறது. சொரசொரப்பான தரை என்றால் அதன் நுண்ணிய முனைகள் அந்தப் படலத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்து சப்பாத்தைத் தொடும். வழுவழுப்பான தரையில் குத்துவதற்கு ஒன்றுமில்லை; கால் தண்ணீரின் மேலேயே போகிறது. பெரிய சொரசொரப்பும் தேவையில்லை. சுத்தமான தண்ணீருக்கு 20 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, போதும் என்கிறார்கள். எண்ணெய் தண்ணீரைவிடத் தடிப்பு என்பதால் அதற்கு இன்னும் கூட வேண்டும்.

விலைக்கூறில் 'ஆர் 9' என்று போட்டிருந்தது. பத்துக்கு ஒன்பது என்பதுபோல நல்ல தரம் என்றே நினைத்துக் கையெழுத்திட்டேன். உண்மையில் அது தரை எவ்வளவு சறுக்காது என்று காட்டும் அளவுகோல்; ஆர் 9இல் தொடங்கி ஆர் 13 வரை போகிறது. எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை பாகை சாய்ந்ததும் சறுக்குகிறார் என்று பார்ப்பார்கள். 6 முதல் 10 பாகைக்குள் சறுக்கினால் ஆர் 9. அதுதான் ஆகக் கீழ்ப் படி. கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேட்கவில்லை. வருந்துகிறேன்.

கட்டுமானத் துறையில் வேலை செய்யும் ஒரு தந்தை, ஊசல் கருவி ஒன்றைக் கொண்டுவந்து தரையை அளந்து தந்தார். நுனியில் றப்பர் வைத்த கை ஒன்று ஊஞ்சல்போல வந்து தரையை உரசிப் போகும். வாசிப்பு 36 அல்லது அதற்கு மேல் என்றால் சறுக்கும் வாய்ப்புக் குறைவு. 25க்குக் கீழே போனால் அதிகம். காய்ந்த தரையில் எங்களுக்குக் கவலையில்லை. தண்ணீர் தெளித்த பிறகு ஓரிடத்திலும் 36ஐ எட்டவில்லை. கொழும்பில் காற்றோடு மழை வந்தால் தூவானம் நடைபாதையின் பாதி வரை அடிக்கிறதே, ஈரத்தில் அளந்த கணக்குத்தான் எங்களுக்குக் கணக்கு.

திருத்த வழி இருக்கிறது. மேற்பரப்பை மெசினால் லேசாகத் தேய்த்து, புதிதாக ஒரு பூச்சுப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே குவார்ட்ஸ் மணலைத் தூவி, இறுகியதும் ஒட்டாத மணலைக் கூட்டி எடுத்துவிட்டு, மேலே மெல்லிய பூச்சு ஒன்று. அந்தக் கடைசிப் பூச்சு தடித்துவிட்டால் மணல் உள்ளே புதைந்து மறுபடி வழுக்கும். ஆகவே ஒரு மூலையில் மாதிரி பூசி, ஈரமாக்கி, அளந்து பார்த்த பிறகே மிச்சத்துக்குக் கைவைக்க விடுவேன். பூச்சு முழுதாக இறுக ஒரு கிழமை வேண்டும். அதனால் டிசம்பர் விடுமுறையில்தான் செய்யலாம். செலவுக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டோம். ஒப்பந்தக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்; குறைவதை அபிவிருத்திச் சங்க நிதியிலிருந்து எடுப்போம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பழைய மினுக்கம் திரும்பி வராது. தரை மங்கலாக இருக்கும், அழுக்குப் பிடிக்கும், தும்புத்தூரிகையால் தேய்த்துத்தான் கழுவ வேண்டிவரும். அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

அதுவரைக்கும், மழை நாளில் நடைபாதையின் வெளிப்பக்கத்தைக் கயிறு கட்டி மறிப்போம். வாசல்களில் தும்புக் கால்மிதியும் உள்ளே றப்பர் விரிப்பும் போட்டாயிற்று. சவர்க்காரத் தூளை அள்ளிப் போட்டுத் துடைத்தால் அதுவே ஒரு வழுக்குப் படலமாகத் தங்கிவிடுகிறது. இப்போது குறைவாகப் போட்டு, பிறகு நல்ல தண்ணீரால் அலசி, காயவிட்ட பிறகே பிள்ளைகளை உள்ளே விடுகிறோம்.

சரஸ்வதி பூசை வருகிறது. பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்பார்கள், குத்துவிளக்கிலிருந்து எண்ணெய் சொட்டும், தேங்காய் உடைத்த தண்ணீர் ஓடும். இந்த முறை விளக்குகளைத் தட்டத்தில் வைப்போம், தேங்காயை முற்றத்தில் உடைப்போம், பிள்ளைகளுக்குப் பாய் விரிப்போம். உதவிக்கு வரும் அம்மாமார் எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்கப் பழந்துணி கொஞ்சம் கொண்டுவந்தால் பெரிய உதவி.

அப்புறம், இன்று இரவே பிள்ளையின் சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கோடுகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால், குறிப்பாகக் குதிப் பக்கம், மாற்றிவிடுங்கள். இப்போதைக்கு வாங்க வசதிப்படாவிட்டால் வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். வெளியில் தெரியாமல் ஒழுங்கு செய்வோம்.

தரையைப் பார்க்க விரும்புகிறவர்கள் எந்த நாளும் காலை 7.30க்கு முன் வரலாம். நான் மண்டபத்து வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
அதிபர்