காலாண்டு முடிவுக் கடிதம்: மதிப்பெண் அட்டையும் வியாழக்கிழமை யோகா வகுப்பும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்டப் போட்டியில் நம் பெண் பிள்ளைகள் கோகோ நன்றாக ஆடினார்கள். அறிவியல் கண்காட்சிக்கும் நல்ல பெயர். எல்லோருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டை விடுமுறை முடிந்ததும் கிடைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை கடைசி பீரியட் யோகா பற்றிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓடும் பேச்சு உங்களுக்குத் தெரியும். யோகா செய்தால் விசுவாசம் போய்விடும் என்று ஒரு குரல் பதிவு. மிஷன் பள்ளிக்கூடம் என்பதால்தான் ஓம் சொல்ல விடவில்லை என்று அதற்குப் பதில். இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர் வகுப்பு எடுக்கும் நம் உடற்கல்வி ஆசிரியர் பி.இ.டி. சார்.

வகுப்பில் நடப்பது இதுதான். வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து தாடாசனம், வஜ்ராசனம், புஜங்காசனம் செய்கிறார்கள். கொஞ்ச நேரம் மூச்சுப் பயிற்சி. கடைசியில் சவாசனம், அதில் பாதிப் பேர் நிஜமாகவே தூங்கிவிடுகிறார்கள். மந்திரம் கிடையாது, படம் கிடையாது. சூரிய நமஸ்காரத்தில் ஒவ்வொரு நிலைக்கும் சூரியனின் ஒரு பெயரைச் சொல்லும் வழக்கம் உண்டு என்பதால் அதைச் சேர்க்கவே இல்லை. ஜூன் 21 யோகா தினத்தன்றும் இதே ஏற்பாடுதான்.

யோகத்துக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி முனிவர் சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, எட்டாவது சமாதி, அதாவது தியானத்தில் மனம் முழுக்க ஒன்றிப்போகும் நிலை. அந்தப் பாதை எங்கே போகிறது என்று ஒரு கிறிஸ்தவப் பெற்றோர் யோசிப்பது நியாயம். நானும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன்தான். 1989இல் வத்திக்கான் வெளியிட்ட தியானம் பற்றிய கடிதமும், உடற்பயிற்சியில் கிடைக்கும் அமைதியைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்தது. அதே கடிதம் பிற மதங்களின் முறைகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளவும் சொல்லவில்லை. குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் இந்தியத் துறவிகள் முறையில் வாழ சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கியவர்களே இரண்டு கத்தோலிக்கக் குருமார்கள். ஆக, விசுவாசிகளுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து கிடையாது. பள்ளிக்கூடம் அதற்குத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும். உங்கள் பிள்ளை அந்த நேரத்தில் டிரில் செய்யும். காரணம் கேட்க மாட்டோம், மதிப்பெண்ணும் குறையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போன வாரம் பிள்ளைகள் சைக்கிள் எடுக்கிற நேரத்தில், கேட்டுப் பக்கத்தில் வைத்து ஒருவர் பி.இ.டி. சாரை வாய்க்கு வந்தபடி ஏசினார். மறுநாள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வஜ்ராசனத்துக்குப் பாதி மடங்கிய காலோடு, “சார், இப்படி முட்டங்கால் போட்டா ஆண்டவர் கோவிச்சுக்கிடுவாரா?” என்று கேட்டது. தினமும் ஜெபத்துக்கு முட்டங்கால் போடுகிற பிள்ளை அது! பெரியவர்கள் சண்டையைப் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள். இனி ஆசிரியரைப் பிள்ளைகள் முன்னால் ஏசினால், அவர்களிடம் நிர்வாகமே நேரில் விளக்கம் கேட்கும். குழுவில் ஆசிரியர் படத்தைப் போட்டு எழுதுகிறவர்கள் அன்றே நீக்கப்படுவார்கள். இதில் விதிவிலக்கு இல்லை.

பெரும்பாலானவர்கள் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். மேலப்பாளையத்திலிருந்து சில பெற்றோர் ஜூனிலேயே வந்து, ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்த்து, கேட்க வேண்டியதை என்னிடமே கேட்டுவிட்டுப் போனார்கள். சபை ஐயர் (போதகர்) ஒருவரும் வந்து பார்த்தார். இரு தரப்புக்கும் மனமார்ந்த நன்றி. நீங்களும் எந்த வியாழக்கிழமையும் வரலாம். நாற்காலி போட்டு வைக்கிறோம், டீயும் உண்டு.

அப்புறம், விடுமுறையில் பிள்ளைகள் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனால் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் கூடப் போங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்