தைப்பூசக் கூட்டத்தில் 28 மி.மீ. லென்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசத்துக்கு நீண்ட ஜூம் லென்ஸோடு பினாங்குத் தேர்க்கூட்டத்தில் நுழைபவர்களுக்கு ஒரு சொல்: கையடக்கமான, அகலமாகப் பார்க்கும் 28 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸே போதும்.

ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டாம். காவடியில் ஆடும் மயிலிறகைப் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும். ஃபுல்ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, தூரத்தை 2.5 மீட்டரில் நிறுத்தி, லென்ஸ் துவாரத்தை எஃப் 8-இல் வைத்தால் ஏறக்குறைய 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர்வரை தெளிவாக விழும். ஷட்டர் 1/250 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஆட்டோ. இரவில் வெளிச்சம் போதாமல் இது எடுபடாது. துவாரத்தை எஃப் 2.8-க்குத் திறந்தால் தெளிவு 2 மீட்டருக்கும் 3.4 மீட்டருக்கும் இடையில் சுருங்கிவிடும். ஆள் அந்த இடைவெளிக்குள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று: இப்போதைய லென்ஸ்கள் பலவற்றில் கேமராவை அணைத்தால் வைத்த தூரம் மாறிவிடும். மறுபடி சரிபாருங்கள்.

காவடி எடுப்பவரைப் படத்தின் ஓரத்தில் வைத்தால் முகம் இழுபட்டுப் பூசணிக்காய் ஆகிவிடும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கடைவீட்டுத் தூண்கள் உள்நோக்கிச் சாயும். அஞ்சடியில் (கடைவீட்டு முன் நடைபாதையில்) நின்று மட்டமாகப் பிடியுங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் கண்ணாடியில் ஆவி படியும். துடைத்தாலும் மீண்டும் படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுவதே வழி. தேருக்கு முன் சிதறும் தேங்காய் நீர் காய்ந்தால் பிசுபிசுக்கும், லென்ஸ் மேல் ஒரு ஃபில்டர் இருக்கட்டும்.

28 மி.மீ. என்றால் கிட்டப் போகத்தான் வேண்டும். அதற்காக அலகு குத்தும் இடத்தில் குடும்பத்தாருக்கு நடுவே தலையை நுழைப்பதற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு