சேகருக்கு, பையன் போகும் தங்கச் சுரங்கம் பற்றி

கடலூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அந்த அலைச்சலில் உடனே எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்து இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்.

சரி, பையன் விஷயம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னத் தங்கச் சுரங்கக் கம்பெனி, கடன் இருக்கிறதாம், நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். கடன் இருக்கிறதே என்று பயப்படாதே. அந்தக் கடனை எப்படி வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

போன ஞாயிறு முதுநகர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனேன். ஒரு விசைப்படகிலிருந்து சங்கராவும் இறாலும் கூடை கூடையாக இறங்குகிறது, படகுக்காரர் வாயே திறக்கவில்லை, ஏலக்காரர்தான் ஏலம் விட்டு, கமிஷனைப் பிடித்துக்கொண்டு மிச்ச நோட்டுகளை எண்ணி அவர் கையில் வைத்தார். வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் வாங்கியிருக்கிறார், அது தீரும்வரை இன்னொரு ஏலக்காரரிடம் போக முடியாது. சின்ன சுரங்கங்களிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு உண்டு, 'ஸ்ட்ரீமிங்' என்பார்கள். வங்கி கைவிரிக்கும் நேரத்தில் ஒரு முதலீட்டு நிறுவனம் பெரிய தொகையை முன்னால் கொடுத்துவிட்டு, கிடைக்கும் தங்கத்தில் ஒரு பங்கைச் சந்தை விலையைவிட ரொம்பக் குறைந்த விலைக்கு வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மாதத் தவணை இல்லை என்பதால் ஆரம்பத்தில் நிம்மதியாக இருக்கும், ஆனால் தங்கம் எவ்வளவு ஏறினாலும் அந்தப் பங்கின் லாபம் சுரங்கத்துக்கு வராது, டீசலும் சம்பளமும் மட்டும் ஏறும்.

இனி வெட்டப்போகிற தங்கத்துக்கு இன்றே விலை பேசி வைப்பது இன்னொரு வழி. கடன் கொடுக்கும் வங்கிகளே இதைக் கேட்பதுண்டு. அளவோடு செய்தால் நல்லதுதான். கானாவின் அஷாந்தி கோல்டுஃபீல்ட்ஸ் அளவு மீறியது. 1999 செப்டம்பர் 26ல் ஐரோப்பிய மத்திய வங்கிகள் தங்கம் விற்பதைக் கட்டுப்படுத்துவதாக அறிவித்ததும், அவுன்ஸ் 270 டாலர் அளவில் இருந்த விலை சில நாளில் 320ஐத் தாண்டியது. சுரங்கம் வைத்திருப்பவனுக்குத் தீபாவளியாக இருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் குறைந்த விலைக்கு ஏராளமாகப் பேசி வைத்திருந்ததால் விலை ஏற ஏற அந்தப் பேச்சில் நஷ்டம் பெருகியது, விலை பேசிக்கொண்ட வங்கிகள் கூடுதல் ஈடு கேட்டு நின்றன, மண்ணுக்குள் தங்கம் இருந்தும் கையில் பணம் இல்லை. 2004ல் அந்தக் கம்பெனி ஆங்கிலோகோல்டுடன் சேர்ந்துவிட்டது.

புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டினால் பழைய பங்குதாரர்கள் கத்துவார்கள். ஆனால் சம்பளத்துக்குப் போகிறவன் பக்கமிருந்து பார்த்தால் எனக்குப் பிடித்த வழி அதுதான், திருப்பிக் கட்ட வேண்டாத பணம்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, பண்ருட்டி முந்திரி ஆலைக்காரர்கள் வந்தால் லாப நஷ்டக் கணக்கை அப்புறம் பார்ப்பேன், முதலில் கரண்ட் பில் ரசீதும் கொட்டை கொடுத்தவர்களுக்கு எவ்வளவு பாக்கி என்பதும்தான். பையனையும் அதையே பார்க்கச் சொல். துளை போடும் கான்ட்ராக்டருக்கும் டீசல்காரனுக்கும் பாக்கி காலாண்டுக்குக் காலாண்டு ஏறினால் அடுத்து சம்பளத்தில் கைவைப்பார்கள். உற்பத்தி தொடங்காமல் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கம்பெனி என்றால் இன்னும் சுலபம், ஆஸ்திரேலியப் பங்குச் சந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை '5பி' என்று ஒரு பணப்புழக்க அறிக்கை கொடுத்தாக வேண்டும், அதில் எட்டாவது பகுதியில் கையிருப்பு இன்னும் எத்தனை காலாண்டு வரும் என்று எண்ணாகவே இருக்கும். இரண்டுக்குக் கீழே இருந்தால் போக வேண்டாம்.

இன்னொன்று, கம்பெனி திவாலானால் சம்பள பாக்கியைக் கொடுக்க அங்கே அரசுத் திட்டம் இருக்கிறது, ஆனால் வேலை விசாவில் போகிறவனுக்கு அது கிடைக்காது. இதை அவனிடம் மறக்காமல் சொல். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் வைத்துக்கொண்டு போகட்டும்.

கம்பெனிப் பெயரை அனுப்பு, கடைசி நாலு அறிக்கையையும் உட்கார்ந்து படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு