சிண்டரெல்லாவின் அப்பா எங்கே இருந்தார்?

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னதை இந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் லைப்சிக்கில் பேத்தியின் மழலையர் பள்ளியில் சிண்டரெல்லா கதையைச் சொன்னவர்கள், மாற்றாந்தாயின் மகள்கள் காலை வெட்டிக்கொள்வதையும் செருப்பில் இரத்தம் வடிவதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள் என்றாய். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் வருவதுதான் சரியான கதை என்று நீ வீட்டில் திருத்தினாய். இதற்கிடையில் அவளுடைய வியட்நாமியத் தோழி, கல்யாணத்துக்குப் பிறகுதான் பாதிக் கதையே இருக்கிறது என்று சண்டைக்கு வந்துவிட்டாள். எது சரி என்று என்னைக் கேட்டாய். அது இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதிலன்று.

நீ திருத்திச் சொன்ன கதை, 1697 இல் பாரிசில் ஷார்ல் பெரோ வெளியிட்ட தொகுப்பில் உள்ளது. தேவதைத் தாய், எலிகள் குதிரைகளாவது, நள்ளிரவுக் கெடு, கண்ணாடிச் செருப்பு எல்லாம் அவர் எழுதியவை. இறுதியில் அவருடைய சிண்டரெல்லா, தன்னைத் துன்புறுத்திய சகோதரிகளை மன்னித்து, அரண்மனைப் பிரபுக்களுக்கே மணமுடித்து வைக்கிறாள். உனக்கு நான் வாங்கித் தந்த படப்புத்தகமும் அந்த வழியில் வந்ததுதான். பள்ளியில் சொன்னதோ அந்த நாட்டின் சொந்தக் கதை. கிரிம் சகோதரர்கள் 1812 இல் அச்சிட்டது. அதில் தேவதையே கிடையாது. தாயின் கல்லறையில் வளரும் மரமும் பறவைகளுமே அந்தப் பெண்ணுக்குத் துணை. புறாக்கள் சகோதரிகளின் கண்களைக் கொத்துகிற முடிவை அவர்கள் 1819 இல் வந்த பதிப்பில்தான் சேர்த்தார்கள். அச்சில் ஏறிய பிறகும், அதைத் தொகுத்தவர்கள் கையிலேயே, ஏழு ஆண்டுகளில் கதை மாறியிருக்கிறது. அப்படியிருக்க ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் எப்படிச் சொல்வது?

இவற்றுக்கெல்லாம் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், சீனத்தின் தாங் அரசர் காலத்தில் துவான் செங்ஷி என்பவர், தன் வீட்டில் பணிபுரிந்த தென்னாட்டு மனிதர் ஒருவர் சொன்னதாக யெ ஷியன் என்ற பெண்ணின் கதையை எழுதிவைத்திருக்கிறார். அவள் வளர்த்த மீனை மாற்றாந்தாய் கொன்று சமைத்துவிடுகிறாள். ஒளித்துவைத்த அதன் எலும்புகள் அவள் கேட்டதையெல்லாம் தருகின்றன. திருவிழாவில் அவள் தவறவிட்ட பொற்செருப்பு கைமாறிக் கைமாறி ஓர் அரசனிடம் போய்ச் சேருகிறது. இந்தக் கதை எங்கே பிறந்து எந்த வழியாக எங்கே போயிற்று என்ற ஆராய்ச்சிக்குள் நான் இப்போது போகவில்லை. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது என்னை உறுத்திய வேறொன்றைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். அந்தப் பெண்ணின் தந்தை எங்கே?

சீனக் கதையில் அவர் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறார். பெரோவின் கதையில் உயிரோடு இருக்கிறார், ஆனால் மனைவியின் சொல்லுக்கு முற்றிலும் கட்டுப்பட்டவர். முறையிட்டால் தன்னைத்தான் கடிந்துகொள்வார் என்று தெரிந்தே மகள் வாய் திறப்பதில்லை. 1630களில் இத்தாலியின் நேப்பிள்சில் அச்சான, பசீலே என்ற எழுத்தாளரின் கதையில், சார்தீனியாவுக்குப் பயணம் போகும் தந்தை, மாற்றாந்தாயின் மகள்கள் கேட்ட பொருள்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, சொந்த மகள் கேட்ட ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார். அவருடைய கப்பல் துறைமுகத்தை விட்டு நகர மறுக்கிறது. மறந்தது நினைவுக்கு வந்து, போய் அதை நிறைவேற்றிய பிறகே கிளம்புகிறது. எல்லாத் தந்தையருக்கும் இப்படி ஒரு கப்பல் வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கிரிம் கதையின் தந்தைதான் என்னை மிகவும் வருத்தியவர். சந்தைக்குப் போகும்போது என்ன வேண்டும் என்று கேட்கிறார். மற்றவர்கள் அழகிய ஆடைகளும் முத்தும் கேட்க, இவள் மட்டும், திரும்பும் வழியில் அவருடைய தொப்பியில் முதலில் இடிக்கும் மரக்கிளையை ஒடித்து வரும்படி கேட்கிறாள். அவரும் மறக்காமல் கொண்டுவருகிறார். தாயின் கல்லறையில் அவள் நட்டு, கண்ணீர் விட்டு வளர்க்கும் மரம் அதிலிருந்து வந்ததுதான். அதே மனிதர், விருந்திலிருந்து ஓடிவந்த பெண் புறாக்கூண்டுக்குள் ஒளிந்துகொண்டாள் என்று இளவரசன் சொன்னதும், அது தன் மகளாக இருக்குமோ என்று மனத்துக்குள் நினைக்கிறார். நினைத்தவர் அவள் பெயரைச் சொல்லி அழைக்கவில்லை, கோடரி கொண்டுவரச் சொல்லிக் கூண்டைப் பிளக்கிறார். அடுத்த நாள் அவள் ஏறி மறைந்த மரத்தையும் வெட்டுகிறார். பிறகு செருப்போடு வந்த இளவரசன், வேறு பெண் இல்லையா என்று கேட்கும்போது, இறந்துபோன என் மனைவியின் வளர்ச்சி குன்றிய பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளாக இருக்க முடியாது என்கிறார். "என் மகள்" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. செருப்பில் வடிந்த இரத்தத்தைவிட இந்த இடம்தான் எனக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது.

இனி அந்த வியட்நாமியச் சிறுமியின் கதை. அதில் மூத்தவள் பெயர் தாம், இளையவள் பெயர் காம். அவர்கள் மொழியில் தாம் என்றால் நொய், காம் என்றால் தவிடு. நெல் குத்தும் வீட்டில் பிறந்த பெயர்கள் என்பதால் இந்தக் கதை எனக்கு நம் பக்கத்து ஊரில் நடந்தது போலவே இருக்கிறது. இங்கும் ஒரு மீன், அதைக் கொன்றுவிடுகிறார்கள், இங்கும் எலும்புகளைக் கட்டிலடியில் புதைத்துவைக்கிறாள். அவளுடைய செருப்பு விழுந்த நீர்த்துறையில் அரசனின் யானை மேலே போக மறுத்து நின்றுவிடுகிறது. தாம் அரசியாகிறாள். தந்தையின் திதிக்கு ஊருக்கு வருகிறவளை, படையலுக்குப் பாக்கு பறித்து வா என்று மரத்தில் ஏற்றிவிட்டு, மாற்றாந்தாய் அடிமரத்தை வெட்டிச் சாய்க்கிறாள். மறைந்துபோன தந்தைக்காக ஏறிய மரத்திலிருந்து விழுந்து சாகிறாள் அந்தப் பெண்.

ஆனாலும் அவள் அழியவில்லை. பறவையாகிறாள், மரமாகிறாள், தறியாகிறாள். ஒவ்வொன்றையும் காம் அழிக்க, சாம்பலிலிருந்து முளைத்த மரத்தில் மணம் வீசும் ஒற்றைப் பழமாக வருகிறாள். தின்ன மாட்டேன், மோந்து மட்டும் பார்ப்பேன் என்று ஒரு கிழவி அதைத் தன் பையில் விழும்படி அழைத்துக்கொண்டு போகிறாள். பழத்திலிருந்து வெளிப்பட்டு அந்தக் குடிசையில் மகளாகவே வாழ்கிற தாமை, வழியில் இளைப்பாற வந்த அரசன் எதைக்கொண்டு அடையாளம் காண்கிறான் தெரியுமா? அங்கே தந்த வெற்றிலையின் மடிப்பைக்கொண்டு. தன் மனைவி மட்டுமே அப்படி இறகு போல மடிப்பாள் என்று அவனுக்குத் தெரியும். உன் பாட்டி காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி மடிக்கிற அழகை நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செருப்பு காலின் அளவை மட்டுமே அறியும். வெற்றிலை மடிப்பு கையின் பழக்கத்தை அறியும். இந்த ஓரிடத்துக்காகவே இந்தக் கதையை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். இதன் முடிவில் காமுக்குக் கிடைக்கும் தண்டனை மிகக் கொடியது. அந்த நாட்டிலேயே அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று வாதிட்டிருக்கிறார்கள். அதைப் பேத்தி வளர்ந்தபின் சொல்லலாம்.

ஆகவே அவள் பள்ளியில் கேட்டதைத் திருத்த வேண்டாம் அம்மா. தோழியின் தாய் சம்மதித்தால் அவர்கள் வீட்டுக் கதையை அவர் வாயாலேயே கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவள் சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. உனக்கு ஐந்து வயது இருக்கும்போது, அந்தப் படப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அவளோட அப்பா எங்கே?" என்று கேட்டாய். அப்போது நான் மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருந்தவன். யோசிக்காமல், வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். நீயும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பேத்தி அதே கேள்வியைக் கேட்டால் என் பதிலைச் சொல்லாதே. வீட்டில்தான் இருந்தார் என்று சொல்.

அன்புடன்,
அப்பா