பென்டிரைவில் வரும் வரைபடம் இனி வேண்டாம்

மாநகராட்சி, நகராட்சிகளில் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) பணிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்று நீங்கள் விடும் கணக்கெடுப்புப் பணிகளைச் செய்து கொடுப்பவர்களில் நானும் ஒருவன். களத்தில் எடுத்ததை ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பாக்கி பென்டிரைவில் ஒப்படைக்கச் சொல்லும் நிபந்தனை, பழைய பணி ஆணையிலிருந்து புதியதற்கு அப்படியே இறங்கி வருகிறது. அதை எடுத்துவிட்டு, தரவை உங்கள் அலுவலகத்திலேயே போஸ்ட்ஜிஐஎஸ் என்ற, வரைபடத் தரவுக்கான தரவுத்தளத்தில் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

ஷேப்ஃபைல் 1990களின் கோப்பு வடிவம். நெடுவரிசைப் பெயருக்கு அதில் 10 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகும். கொம்பும் உகரக் குறியும் தனிக் கணக்கு. ஆக ‘தெரு’வுக்கே 12 பைட், ‘வார்டு’க்கு 18. அதனால்தான் உங்கள் வரைபடங்களில் நெடுவரிசைகள் எல்லாம் அரைகுறை ஆங்கிலச் சுருக்கங்களாக நிற்கின்றன. அந்தப் பெயரை வைத்தவர் வேலையை விட்டுப் போனால் பொருள் சொல்ல ஆளில்லை.

ஆயத்தொலைவு முறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு விடுபட்டால் கதை இன்னும் மோசம். 78 பாகைத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் குறுக்கே ஓடுகிறது. உலகை 6 பாகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில், அதற்கு மேற்கே உள்ள கோவை, திருப்பூர், திண்டுக்கல் 43ஆம் மண்டலம். மதுரை, திருச்சி, சென்னை 44. கோவை வடிகாலை 44 என்று நினைத்துத் திறந்தால் அது 600 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே போய் வங்கக் கடலில் கிடக்கும். (கடலிலாவது கிடந்தால் கண்ணில் படும். ஓரிரு மீட்டர் தள்ளி நிற்கும் பிழைதான் பயங்கரம்.) போஸ்ட்ஜிஐஎஸ் அட்டவணையில் 32643 (யுடிஎம் 43க்கான குறியெண்) என்று ஒருமுறை அறிவித்துவிட்டால், வேறு எண்ணோடு வரும் கோட்டையோ புள்ளியையோ அது உள்ளேயே விடாது.

இது புதுப் பரிசோதனை இல்லை. போஸ்ட்ஜிஐஎஸ் 2001இல் கனடாவில் பிறந்தது. அடுத்த ஆண்டு கேரி ஷெர்மன், வரைபடங்களைத் திறந்து பார்க்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளைத் தொடங்கியபோது, அதன் முதல் பதிப்பு திறந்து காட்டியது போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இருந்த வரைபட அடுக்குகளை மட்டும்தான். இரண்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. திறமூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை மத்திய அரசே 2015இல் வெளியிட்டிருக்கிறது.

இணைப்பதும் பெரிய வித்தை இல்லை. கியூஜிஐஎஸ்ஸின் பிரவுசர் பலகத்தில் போஸ்ட்கிரெஸ் (போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் அடித்தளத் தரவுத்தளம்) மீது வலது கிளிக் செய்து, சர்வர் முகவரி, போர்ட் 5432, தரவுத்தளப் பெயர் கொடுத்தால் போதும். பொறியியல் பிரிவும் வரிப் பிரிவும் ஒரே அட்டவணையைப் பார்க்கும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘புதிய ஃபைனல்’ என்ற கோப்புகளில் எது உண்மை என்று தேட வேண்டியதில்லை. ஒரே கோட்டை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் பின்னால் சேமித்தவருடையதே நிற்கும் என்பது மெய்தான். வார்டு வாரியாக ஆள் பிரித்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஓர் அலுவலகத்தில் தரவுத்தளம் வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாரும் உள்ளே போனது நிர்வாகியின் ஒரே பயனர் பெயரில். போதாததற்கு, இணைப்பு அமைக்கும்போது கடவுச்சொல்லைச் சேமிக்கும் கட்டத்தை டிக் செய்திருந்தார்கள். அப்படிச் செய்தால் புராஜெக்ட் கோப்புக்குள் அது வெறும் எழுத்தாகவே பதிந்துவிடும். அந்தக் கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது! பார்ப்பவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். கடவுச்சொல்லை கியூஜிஐஎஸ்ஸின் மறையாக்கப்பட்ட அங்கீகாரப் பெட்டகத்தில் வையுங்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்ள, இரவுதோறும் காப்புப் பிரதி எடுக்க ஒருவர் வேண்டும். மென்பொருளுக்கு மிச்சமாகும் பணத்தில் அவருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள்.

அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் ஒப்படைப்பு நிபந்தனையை இப்படி எழுதலாம்: ‘ஒப்பந்ததாரர் எல்லா அடுக்குகளையும் அலுவலகத்தின் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் ஏற்றித் தர வேண்டும். ஒவ்வோர் அட்டவணைக்கும் முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம்), அறிவிக்கப்பட்ட ஆயத்தொலைவு முறை, இடவெளிச் சுட்டி (இடத்தை வைத்து விரைவாகத் தேட உதவுவது), தமிழில் நெடுவரிசை விளக்கம் இருக்க வேண்டும். அலுவலகப் பணியாளர் தம் கணினியிலிருந்து கியூஜிஐஎஸ் வழியே திறந்து, திருத்தி, சேமித்துக் காட்டிய பிறகே இறுதித் தவணை விடுவிக்கப்படும்.’

இப்படிக்கு,
ஒரு ஜிஐஎஸ் ஒப்பந்தப் பணியாளர்